அந்த மூன்று படிக்கு ஒரு விளக்கு

பாபு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. முந்தாநாள்தான் வீடியோ காலில் உன்னைப் பார்த்தேன். பார்த்தேன் என்றா சொன்னேன்? உன் தலைக்கு மேலே நாலு விளக்கு, முதுகுக்குப் பின்னால் ஷோகேஸில் ஆறு விளக்கு, நடுவில் கறுப்பாக ஓர் உருவம். குரலை வைத்துத்தான் நீ என்று கண்டுபிடித்தேன். "இன்னாடா, மூஞ்சே தெர்ல" என்றதற்கு, "உன் போன் பழசும்மா" என்றாய். என் போன் பழசுதான். அதே போனில் மற்றவர்கள் முகமெல்லாம் மூக்குத்தி வரைக்கும் தெரிகிறது. உனக்கு மட்டும் அது பழசாகிவிடுகிறது.

போனில் சொல்ல முடியாததால்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் நாலாவது வார்த்தையில் "மா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய். அது போக, உன் நைனா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். மாவுக்கட்டுப் பிரித்த கையைப் பிசைந்துகொண்டு, கண்ணை டி.வி.யிலும் காதை என் பக்கத்திலும் வைத்துக்கொண்டு. நீ தமிழ் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான் என்பது எனக்கு மறக்கவில்லை. பரவாயில்லை, எழுத்துக்கூட்டியாவது முழுக்கப் படி. பார்சலைப் பிரித்தவுடன் முறுக்கை எடுத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டுவிடாதே. அடியில் நூல் சுற்றிய குச்சி இரண்டு வைத்திருக்கிறேன். அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். தை பிறந்ததும் நானும் உன் நைனாவும் நகரி வீட்டைப் பூட்டிக்கொண்டு உன்னோடு வந்துவிடுவதாகப் பேச்சு. தறி நாலையும் வேறு ஒருவர் எடுத்து ஓட்டுவதற்குக்கூட ஏற்பாடாகிவிட்டது. இப்போது உன் நைனா, "நீ போ, நான் வர்ல" என்கிறார். ஏன் என்றால் டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறார். போன வாரம் கட்டுப் பிரிக்கத் திருப்பதி வந்தோம். திருச்சானூரில் அம்மனைப் பார்த்தோம். அங்கிருந்து உன் வீடு ஆட்டோவில் பத்து நிமிஷம். "ஒரு எட்டு பாத்துட்டு போலாம்யா" என்றேன். அவர் பஸ் ஸ்டாண்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவர் வராமல் நான் தனியாக வந்து உன் வீட்டில் குடியிருக்க மாட்டேன், அதை முதலில் மனதில் போட்டுக்கொள். அவர் உன் மேல் கோபமாக இருக்கிறார் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நானும் போன வாரம் வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன்.

கிருகப்பிரவேசத்தன்று சாயங்காலத்தை நினைத்துப் பார். காலையில் பால் காய்ச்சி, மத்தியானம் சாப்பாடு போட்டு, சம்பந்தி வீட்டார் மட்டும் மிச்சம் இருந்த நேரம். மணி ஏழு இருக்கும். "எல்லாரும் வெளிய வாங்க, ஒண்ணு காட்றேன்" என்று கூப்பிட்டாய். எல்லோரையும் கேட்டுக்கு வெளியே ரோட்டில் நிறுத்திவிட்டு போனில் எதையோ தட்டினாய். காம்பவுண்டு சுவரில் வைத்திருந்த இரண்டு பெரிய விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்து, வீடு அடிமுதல் நுனிவரை பால் ஊற்றினதுபோல் வெளுத்துப்போனது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன், பொய் சொல்லக் கூடாது. பெருமையாகத்தான் இருந்தது. அப்போதுதான் உன் நைனா உள்ளேயிருந்து வந்து வாசல் படியில் கால் வைத்தார். மூன்றே படி. இரண்டாவதில் காலை விட்டு மணிக்கட்டை ஒடித்துக்கொண்டார்.

நீ ஓடிப்போய்த் தூக்கினாய், அது சரி. தூக்கிக்கொண்டே என்ன சொன்னாய்? "இவ்ளோ வெளிச்சத்துல எப்டி நைனா படி தெரியாம போச்சி? கீழ பாத்து நடக்கக் கூடாதா?" என்றாய். உனக்கு முன்னால் நான் சொன்னது இன்னும் மோசம். சம்பந்தி அம்மா காதில் விழும்படி, "கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்றேன். முப்பத்தைந்து வருஷமாக அவரோடு குடித்தனம் பண்ணுகிறேன். விழுந்து கிடக்கிற மனிதனிடம் முதலில் கேட்க எனக்குக் கிடைத்த கேள்வி அது. வேட்டி தடுக்கிவிட்டது என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். நாம் இருவரும் அதை நம்பிவிட்டோம்.

அதற்குப் பிறகு உன் வீட்டில் இரண்டு நாள் இருந்தேனே, அந்த இரண்டு நாளில் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஹாலில் மட்டும் இருபத்தி நாலு விளக்கு. வீடு முழுக்க எண்ணினால் அறுபத்திரண்டு. எண்ணினேன், வேறு என்ன வேலை எனக்கு அங்கே? உன் டிசைனரிடம், "இத்தினி எதுக்குப்பா?" என்று கேட்டதற்கு, "அன்னீ எல்.இ.டி.யே அம்மா, கரெண்டே லாகது" என்று தெலுங்கில் அடித்துவிட்டான். எல்லாம் எல்.இ.டி., கரண்ட்டே இழுக்காதாம். ஒன்று குறைவாக இழுக்கிறது என்பதற்காக நாலு போதுமான இடத்தில் இருபத்தி நாலு வைத்தால் அதற்குப் பெயர் சிக்கனமா? அந்த இருபத்தி நாலுக்கும் சேர்த்து ஒரே சுவிட்சு வேறு. செருப்பைத் தேட வேண்டுமென்றாலும் ஹால் முழுக்க எரிய வேண்டும். பாத்ரூமில் சுவிட்சே கிடையாது, வாயால் சொன்னால் கேட்குமாம். தமிழில் சொன்னேன், தெலுங்கில் சொன்னேன், கடைசியில் கையெடுத்தும் கும்பிட்டேன். லாவண்யா வந்து இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொன்னாள், உடனே அணைந்தது. என் மருமகள் சொன்னால்தான் கேட்கும் என்று ஒரு விளக்கை வாங்கி வைத்திருக்கிறாய், ரொம்ப சந்தோஷம்.

சமையலறையில் விளக்கெல்லாம் முதுகுக்குப் பின்னால். மேடை முன் நின்றால் என் நிழல் என் கத்தி மேலேயே விழுகிறது. அந்தப் பளபளக்கிற கூரையைக் காட்டி, "பாரும்மா, எவ்ளோ அழகா கீது" என்கிறாய். நான் கூரையிலா வெங்காயம் நறுக்கப்போகிறேன்? மேலே கப்போர்டுக்கு அடியில் நீளமாக ஒரு சின்ன விளக்கு வைத்தால், மேடைமேல் நேராக வெளிச்சம் விழும், கூரையில் இருக்கிறதில் பாதியை அணைத்துவிடலாம். எங்கள் அறையில் ஆஸ்பத்திரிபோல் நீல வெள்ளை. படுக்கிற அறைக்கு இதமாக, மஞ்சள் கலந்ததுபோல் இருக்கிற விளக்கு வேண்டும் என்று யாருமே உனக்குச் சொல்லவில்லையா? வெளியே கேட்டில் ஆள் நடமாடினால் எரிகிற விளக்கு. உன் லேஅவுட்டில் ஆளைவிட மாடும் நாயும்தான் அதிகம் நடமாடுகின்றன. ராத்திரி முழுக்க அணைந்து எரிந்துகொண்டே இருந்தது. அந்த விளக்கைப் பக்கத்துச் சந்தில் வை, அங்கே மனிதர் எப்போதாவதுதான் போவார்கள். மழை விட்ட அன்று காம்பவுண்டு விளக்கு இரண்டையும் சுற்றி ஈசல் வந்து அப்பி, மறுநாள் காலையில் கூடை கூடையாக நான்தான் கூட்டினேன். அந்த வெளிச்சம் உன் வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பி எதிர்வீட்டு ஜன்னலில் அடிக்கிறது என்று அந்த அம்மா என்னிடம்தான் சொன்னார்கள், உன்னிடம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு.

இதையெல்லாம் சொல்ல நீ யார் என்று நினைக்கிறாயா? இருபத்தெட்டு வருஷம் தறிக் கொட்டகையில் துணி பார்த்து மடித்தவள் நான். உன் டிசைனர் பிறப்பதற்கு முன்னாலிருந்து வெளிச்சத்தில்தான் எனக்கு வேலை. மேலேயிருந்து நேராக வெளிச்சம் அடித்தால் எல்லாத் துணியும் நல்ல துணியாகத்தான் தெரியும். விட்டுப்போன இழையும் முடிச்சும் தெரிய வேண்டுமானால் விளக்கு பக்கவாட்டில், தாழ்வாக இருக்க வேண்டும். அப்போதுதான் மேடு பள்ளத்துக்கு நிழல் விழும். கண்ணுக்கு வேண்டியது அந்த நிழல். நிழலே இல்லாமல் நாலு பக்கமும் வெளிச்சத்தைக் கொட்டினால் கண்ணால் ஒன்றும் பண்ண முடியாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் உன் வாசலில் நின்று கைதட்டினேன்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்றை இதற்கு முன்னாலேயே செய்திருக்கிறேன். அப்போது நீ சித்தூரில் ஹாஸ்டலில் இருந்தாய், உனக்குத் தெரியாது. நம் கொட்டகையில் பழைய குழல்விளக்குகள் சும்மா சும்மா கண் சிமிட்டுகின்றன, கரண்ட்டும் இழுக்கின்றன என்று உன் நைனாவை நச்சரித்து எல்லாவற்றையும் எல்.இ.டி.யாக மாற்ற வைத்தேன். நல்லதாகப் பார்த்து வாங்கலாம் என்றார் அவர். எந்தப் பெயரும் போடாத, விலை மலிவானதை நான்தான் கைகாட்டினேன். மாட்டினதும் கொட்டகை அப்படி ஒரு வெள்ளையாக இருந்தது. பக்கத்துத் தறிக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வாரம் அரக்கு நிறத்தில் புடவை ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தறியில் காப்பிப்பொடி நிறம். குறுக்கே ஓடுகிற ஊடை நூலைக் குச்சியில் சுற்றி, தறியில் இங்கும் அங்கும் ஓடுகிற நாடாவுக்குள் போடுவோமே, அந்தத் தார்க்குச்சிகளைச் சுற்றிக் கொடுத்தவள் குமாரி. உனக்குக்கூட ஞாபகம் இருக்கும், லீவில் வந்தால் உனக்கு நாவல்பழம் கொண்டுவந்து கொடுப்பாள். அரக்குப் புடவைக்குள் காப்பிப்பொடி நூல் பட்டை பட்டையாக ஏறியிருந்தது. கொட்டகைக்குள் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. நான் துணியை வெயிலில் விரித்தபோதுதான் தெரிந்தது. ஒரு பாவு முழுக்க, அதில் நெய்த புடவை எல்லாம் போயிற்று.

நான் விட்டேனா அவளை? நாலு பேர் நடுவில் நிறுத்தி, "உனக்கு கண்ணு கீதா இல்லியா?" என்று கத்தின கத்தலில் தறியை நிறுத்திவிட்டு எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். அவள் முந்தானையை உதறிக் கட்டிக்கொண்டு போனவள் போனவள்தான். அன்று சாயங்காலம் அந்த இரண்டு நிறத் தார்க்குச்சிகளையும் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் புது விளக்குக்கு அடியில் நின்றேன். எது அரக்கு, எது காப்பி என்று எனக்கே தெரியவில்லை. துணி பார்ப்பதில் நகரியில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று திரிந்தவள் நான். மறுநாளே விளக்குகளைக் கழற்றி நிறம் சரியாகக் காட்டுகிற விளக்காகப் பார்த்து மாற்றினோம். குமாரி வீட்டுக்குப் போய், உன் மேல் தப்பு இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னேனா என்றால், இல்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளினேன். அவள் குடும்பத்தோடு திருப்பதிப் பக்கம் போய்விட்டாள்.

போன வாரம் திருச்சானூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தோமே, அதில் எனக்குப் பக்கத்தில் வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் யார் என்று நினைக்கிறாய்? "அக்கா, என்னத் தெர்லயா? குமாரி" என்றாள். அங்கே ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்புகளைப் பார்த்து மடிக்கிற வேலையாம். சுற்றி ஆள் இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல், "அந்த அரக்கு நூலு விசயத்துல உன் மேல தப்பு இல்ல குமாரி, லைட்டு மேல தப்பு" என்றேன். அவள் சிரித்தாள். "அது எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. ரெண்டு தாரையும் வெளிய எட்த்துக்கினு போயி பாத்தேன். வேற வேறயா பளிச்சுனு இருந்துச்சி" என்றாள். "அப்ப ஏண்டி சொல்லல?" என்றேன். "நீ எங்கக்கா கேட்ட? கத்திக்கினே இருந்த" என்றாள். அவள் நிறுத்தம் வந்தது, இறங்கிப் போய்விட்டாள். உன் நைனா எதிர் சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

நகரி பஸ்ஸில் ஏறிப் புத்தூர் தாண்டினோம். அப்புறம் கேட்டேன். "யோவ், அன்னிக்கி படியில கால் வெக்கும்போது உனுக்கு இன்னா தெரிஞ்சுது?" விழுந்து ஒன்றரை மாதம் ஆகிறது பாபு, இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எதிர்க்க வெள்ள வேட்டி கட்டி மறைச்ச மாரி இருந்துச்சி. படியும் தெர்ல, தரையும் தெர்ல. நீங்கல்லாம் கைதட்ற சத்தம் மட்டும் கேட்டுச்சி. புள்ள ஆசையா போட்டுக் காட்றான். நடுவுல நின்னுக்கினு லைட்ட அணைடானு எப்டி சொல்றது? காலால தடவிக்கினு எறங்கிடலாம்னு பாத்தேன்."

அவ்வளவுதான். வேட்டியும் தடுக்கவில்லை, ஒன்றும் தடுக்கவில்லை. நீ ரோட்டிலிருந்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய், உனக்கு அழகாக இருந்தது. வீட்டிலிருந்து ரோட்டைப் பார்த்து இறங்குகிறவன் கண்ணில் அந்த இரண்டு விளக்கும் நேராக அடிக்கிறதே என்று நீயும் பார்க்கவில்லை, அந்த டிசைனரும் பார்க்கவில்லை. போதாததற்குப் படி மூன்றும் ஒரே கறுப்புக் கல், கண்ணாடிபோல் பாலிஷ். அவருக்கு ஒரு கண்ணில்தான் புரை எடுத்திருக்கிறது. இன்னொன்று இன்னும் பாக்கி. அந்தக் கண்ணுக்கு எதிர் வெளிச்சம் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொன்னபோது நீயும் பக்கத்தில்தான் நின்றாய், போனைப் பார்த்துக்கொண்டு. தன் மகன் வீட்டு வாசலில் தனக்குக் கண் தெரியாமல் போனதைச் சொல்ல அவருக்கு வெட்கம். அந்த வெட்கத்தோடு தினமும் அந்தப் படியில் ஏறி இறங்க வேண்டுமே என்றுதான் வரமாட்டேன் என்கிறார். எனக்கு வருகிற ஆத்திரத்தில் பாதி உன் மேல், பாதி என் மேல்.

இப்போது செய்ய வேண்டியதைக் கேள். காம்பவுண்டு சுவரில் இருக்கிற இரண்டையும் முதலில் கழற்று. திருப்பி வைக்கிறேன், குறைத்து வைக்கிறேன் என்று பேரம் பேசாதே, கழற்று. அவை இல்லாவிட்டால் உன் வீடு ஒன்றும் சின்னதாகிவிடாது. அப்புறம் படிக்குப் பக்கச் சுவரில், கணுக்கால் உயரத்தில், படிக்கு ஒன்றாக மூன்று சின்ன விளக்கு வை. மேலே மூடிபோல் தடுப்பு இருக்க வேண்டும், வெளிச்சம் கல்லில்தான் விழ வேண்டும், பல்பு யார் கண்ணுக்கும் தெரியக் கூடாது. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வாட் இருந்தால் ஏராளம். பொழுது சாய்ந்தால் தானே எரிந்து, விடிந்தால் தானே அணைகிற மாதிரி வை. விடிய விடிய எரிந்தாலும் நீ கழற்றினதில் ஒன்று இரண்டு மணி நேரத்தில் தின்கிற கரண்ட் ஆகாது. படி ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு ஒட்டு, அது வழுக்காமலும் இருக்கும். டிசைனர் அசிங்கமாக இருக்கும் என்பான். அவன் நைனாவை வரச் சொல்லி இறங்கச் சொல்.

பல்பு வாங்கக் கடைக்குப் போகும்போது பெட்டியில் வாட் எத்தனை என்று மட்டும் பார்க்காதே. வாட் என்பது அது தின்கிறது, லூமன் என்று போட்டிருப்பதுதான் அது கொடுக்கிறது. கொஞ்சம் தின்று நிறையக் கொடுப்பதை எடு. கூடவே நான் வைத்திருக்கிற அந்த இரண்டு தார்க்குச்சிகளையும் கொண்டுபோ. ஒன்று அரக்கு, ஒன்று காப்பிப்பொடி. அன்று குமாரி சுற்றினவைதான், இத்தனை வருஷமும் என் பீரோவில் இருந்தன. விளக்கை எரியவிட்டு அடியில் பிடித்துப் பார். இரண்டும் வேறு வேறாகத் தெரிந்தால் வாங்கு, ஒன்றாகத் தெரிந்தால் பேசாமல் வெளியே வந்துவிடு. கடைக்காரன் சிரிப்பான், என்னைப் பார்த்தும்தான் சிரித்தான். அடுத்த தடவை போனபோது, "அம்மா, அந்த நூலு எட்த்துக்கினு வந்தியா?" என்று அவனே கேட்டான்.

கடைசியாக ஒன்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் நைனாவை அங்கே இட்டுக்கொண்டு வருகிறேன். எப்படி இட்டுக்கொண்டு வருகிறேன் என்பது என் பாடு. விளக்கைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசாதே. உனக்காக மாற்றினேன் நைனா என்று வழிந்துகொண்டு நிற்காதே. மன்னிப்பும் கேட்காதே, அவருக்கு அழுகை வந்துவிடும், அப்புறம் அதற்கும் வெட்கப்படுவார். சாயங்காலம் ஆறரைக்கு, நன்றாக இருட்டினதும், நாங்கள் ஊருக்குக் கிளம்புவோம். நான் முன்னால் இறங்கி கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொள்வேன். அவர் தனியாக வருவார். நீ உள்ளேயே நில். "பாத்து நைனா" என்று சொல்லாதே. ஓடி வராதே. கையை நீட்டாதே.

மூன்று படியும் இறங்கி அவர் என்னிடம் வந்து சேர்ந்ததும், "நைனா, துன்னுட்டு போலாம் வா" என்று உள்ளேயிருந்து கூப்பிடு. அவர் திரும்பி அந்தப் படியில் ஏறினால், தைக்குக் காத்திருக்க வேண்டாம், மறுநாளே எங்கள் சாமான் ஏற்ற நகரிக்கு வண்டி அனுப்பு. ஏறாவிட்டால் நாங்கள் இருவரும் பஸ் ஏறிவிடுவோம், நீ அந்த அறுபத்திரண்டையும் எரியவிட்டு யாரும் வராத வீட்டைப் பார்த்துக்கொண்டிரு.

கேட்டுக்கு வெளியே இருட்டில் நிற்கப்போகிற,
உன் அம்மா